வெளுக்காத கண்ணாடி

1984ஆம் வருடம் டிசம்பர் 22ஆம் தேதி, கோட்டாட்சியர் அவர்கள் முன்பாக, வெண்ணந்தூரை அடுத்த மேட்டுக்காட்டில் குடியிருக்கும் காளியப்பன் மகன் நாச்சிமுத்து, வயது 31, தொழில் விவசாயம், சொல்லி எழுதிய வாக்குமூலம்:

இறந்துபோன சௌந்திரம் என் மனைவி. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை எடுத்துவிட்டதால், தடித்த கண்ணாடி இல்லாமல் எனக்குக் கிட்டத்திலும் தெரியாது, தூரத்திலும் தெரியாது. வெயிலில் கண் கூசும். சௌந்திரத்தின் கூடப்பிறந்தவரும் லாரி ஓட்டுபவருமான என் மைத்துனர் மயில்சாமி, தலைத்தீபாவளிக்குப் பம்பாயில் சொல்லிச் செய்து, கலர் மாறும் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அது வெயிலில் கறுக்கும், நிழலுக்கு வந்தால் மெதுவாக வெளுக்கும். வெளுக்கும்வரை நின்று, பிறகு நடக்கும்படி அவரே சொல்லியும் கொடுத்தார்.

அதன் பிறகு காட்டிலிருந்து வந்தால் நான் வாசற்படிக்கு உள்ளே கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். சௌந்திரம் அடுப்படியிலிருந்து, “வெளுத்துதுங்களா?” என்று கேட்பாள். வெளுத்தது என்று சொன்னால்தான் தண்ணீர் கொண்டு வருவாள். தினமும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

சென்ற 18ஆம் தேதி காலை பருத்திக்கு மருந்து அடிக்கப் புறப்பட்டபோது, மறுநாளைக்கு வேண்டியதை ஒரு காலி டானிக் பாட்டிலில் ஊற்றி, “இந்த மருந்தப் பத்தரமா எடுத்து வெய்யி புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சரி என்றாள். எந்த மருந்து என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், ஆள் குடிப்பதும் மருந்துதான். அவள் அதைத் தன் இருமல் மருந்து இருந்த மாடக்குழியிலேயே வைத்திருக்கிறாள்.

அதன் பிறகு பதினொரு மணி சுமாருக்கு நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க இருமிக்கொண்டிருந்தாள். மார்கழியில் அவளுக்கு இளைப்பு வரும். “மருந்துங்க” என்று மட்டும் சொன்னாள். நான் வாசலில் நிற்கவில்லை. குளிர் நாளில் அந்தக் கண்ணாடி வெளுக்க இன்னும் நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நிற்கவில்லை. அவளுடைய மருந்து சிவப்பாக இருக்கும், மற்றது காவி நிறம். அன்று இரண்டு பாட்டிலும் எனக்குக் கறுப்பாகத் தெரிந்தன. காலையிலிருந்து மருந்து அடித்ததில் மூக்கிலும் அதே நாற்றம். முன்னால் இருந்ததை எடுத்து இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். என்னை நம்பி ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் வாயில் நுரை வந்ததும் பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் வண்டி கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஒரு முறை கண் விழித்து, “வெளுத்துதுங்களா?” என்று கேட்டாள். நான், “வெளுத்துருச்சு சாமி” என்றேன். வண்டி வெயிலில் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடி கறுத்துத்தான் இருந்தது. அதன் பிறகு அவள் பேசவில்லை. கடைசியாக அவளிடம் பொய் சொல்லிவிட்டேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் வேண்டுமென்றே செய்ததாக மயில்சாமி எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் நிற்கச் சொன்னது உண்மை, நான் நிற்காதது உண்மை. வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தண்டனை கொடுத்தாலும் சம்மதம்.

என் கண்ணாடியைப் போலீசார் கைப்பற்றி வைத்திருப்பதால் இதை என்னால் படித்துப் பார்க்க முடியவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. எழுத்தர் என் விரலைப் பிடித்து வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கா. நாச்சிமுத்து