வெள்ளைப் பூ வராத விடுதி

வேலம்பாளையத்தில் பிறந்தவனுக்குத் தையல் மெஷின் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று சொல்வார்கள். எனக்கு அப்படியில்லை, அமைதியான இடம்தான் பிடிக்கும். இந்த அறை நன்றாக இருக்கிறது மேடம். பல்கலைக்கழக விசாரணை என்றதும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனனி கொடுத்த புகாரை நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மடத்துக்குளத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். என் ஆய்வுகளுக்குத் தகவல் சேகரிக்க எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், அவளைப் போல ஒழுங்காக வேலை செய்தவர் இல்லை. அவள் சொன்னதெல்லாம் உண்மை. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். தறி போனபிறகு அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனார், அம்மா தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் உட்கார்ந்தார். நான் படிப்பில் கெட்டி. கோவை, டெல்லி, அப்புறம் வெளிநாடு என்று பொருளாதாரம் படித்துக்கொண்டே போனேன். "நம்ம ஞானசம்பந்தம் ஏழைங்களப் பத்திப் படிக்க ஏரோப்ளேன்ல போறானுங்க" என்று மாமா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சொன்னதில் தப்பு இல்லையே.

ஆனால் திரும்பி வந்தேன். என்னோடு படித்தவர்கள் பலர் வரவில்லை. ஏழைகளுக்கு உதவுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். செய்த உதவி பலித்ததா என்று பார்க்க ஒருவர்கூட இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. நான் அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். அளக்கும் முறையும் எளிதுதான். பாதிப் பேருக்கு உதவியைக் கொடுக்க வேண்டும், மீதிப் பாதிப் பேரை இருந்தபடியே விட்டுவிட வேண்டும். கொஞ்ச காலம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உதவி வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். கொடுக்கப்படாதவர்கள் இல்லாவிட்டால் கொடுத்ததற்கு அர்த்தமே கிடையாது. இதை என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

என் முதல் பெரிய ஆய்வு இரும்புச் சத்து மாத்திரை பற்றியது. பனியன் கம்பெனிகளின் பெண்கள் விடுதிகளில் சிலவற்றுக்கு மாத்திரை கொடுத்தோம், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது, மாத்திரை கிடைக்காத விடுதியில் இருந்த தங்கச்சிக்கும் ஊர்க்காரிக்கும் தங்கள் மாத்திரையில் பாதியைத் தாவணி முடிச்சில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அன்புதான் மேடம் என் ஆய்வைக் கெடுத்தது. கட்டுரையை எந்தப் பத்திரிகையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கருத்தரங்கில், எனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியரே எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் கறாரான ஆள் ஆகிவிட்டேன்.

இரண்டாவது ஆய்வைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். விடுதிக்கு வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் போய்ப் பெண்களைப் பரிசோதித்தால் அவர்கள் உடம்பு தேறுமா, வேலையில் நீடிப்பார்களா என்று பார்ப்பது. நல்ல யோசனை என்று இன்றைக்கும் சொல்வேன். முதலாளிகள் எல்லோரும் நர்ஸ் எங்களுக்குத்தான் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் என்றால் நம்ப மாட்டார்கள். புரொபசர் வேண்டியவனுக்குக் கொடுத்துவிட்டான் என்பார்கள். அதனால் பூ கேட்டுவிடலாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, புது யூனிட் போடுவது எதுவானாலும் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலில் முதலாளிகளை எல்லாம் நிற்கவைத்து, ஒவ்வொரு விடுதியின் பேரையும் சொல்லிப் பூசாரியை எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தை வெளிநாட்டில் காட்டும்போதெல்லாம் கைதட்டுவார்கள்.

பெருமாநல்லூர் மகுடேஸ்வரனின் விடுதிக்குச் சிவப்பு வந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடியது. "சாமி சொன்னதுக்கு மேல நாம என்னங்க பேசறது" என்று சொல்லி விபூதி பூசிக்கொண்டார்.

நர்ஸ் போகாத விடுதிகளுக்கும் ஜனனி மாதம் ஒருமுறை போய்க் கேள்விகள் கேட்டுப் பதிந்து வர வேண்டும். கேட்பதோடு சரி. யாருக்காவது உடம்பு மோசமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். ஜனனியிடம் வாயால் வேறு மாதிரி சொன்னேன். "கேளு, எழுதிக்கோ, வந்துடு. ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது." அவள் அதை விரும்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தாள்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்த சமயம் அவள் போன் செய்தாள்.

"சார், மகுடேஸ்வரன் சார் ஹாஸ்டல்ல வினிதான்னு ஒரு புள்ளைங்க. சங்கரன்கோவில் பக்கம். போன மாசம் பாத்ததுக்கு இப்ப பாதியாப் போச்சுங்க சார். குடம் குடமாத் தண்ணி குடிக்குது. அடிக்கடி பாத்ரூம் போகுதுன்னு லைன்ல சூப்பர்வைசர் திட்டறாருங்களாமா. நான் ஒரு எட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க."

"அது நம்ம வேலை இல்லை ஜனனி" என்றேன்.

"ஒரு மணி நேரம் தானுங்க சார்."

"இன்னிக்கு ஒரு பிள்ளை, நாளைக்கு இன்னொரு பிள்ளை. அப்புறம் அந்த விடுதிக்கு நர்ஸ் நீதான்னு ஆயிடும். கடைசி ரத்தப் பரிசோதனை வரைக்கும் பொறு. அது முடிஞ்சதும் எல்லா விடுதிக்கும் நர்ஸ் போக ஏற்பாடு பண்ணலாம்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஜனனியின் புகாரில் இருப்பது இதுதான். ஒரு வார்த்தை மிகை இல்லை.

அந்த வாரமே நான் பெருமாநல்லூர் போனேன். ஜனனிக்குச் சொல்லவில்லை. வார்டன் தன் அறையில் என்னை உட்காரவைத்து வினிதாவை அழைத்து வந்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோள் எலும்பு சுடிதாருக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் அதைக் காலி செய்துவிட்டாள்.

"எவ்வளவு குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது சார். நாக்கு ஒட்டிக்கிடுது" என்றாள்.

எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. என் அம்மா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது. சர்க்கரையால் அம்மாவின் கால் கறுத்து, அதை எடுத்து, அப்படியும் பிழைக்காமல் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தாகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்தால் அது எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்றும் தெரியும். தெரிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

வந்த வழியில் அவினாசி ரோட்டில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அழுதது உண்மை, அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதும் உண்மை.

சில நாள் கழித்து வினிதா வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாள். வாந்தி, மூச்சு இரைப்பு. கம்பெனி வேனுக்குக் காத்திருக்காமல் மகுடேஸ்வரன் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், "கண்ணு, முழிச்சுப் பாரு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனாராம். ஊரில் எல்லோரும் அவரைக் கல் நெஞ்சுக்காரன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் போய்விட்டாள்.

அவள் அப்பா சுடலை, ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோ அவரிடம் நர்ஸ் திட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வேறு விடுதியாக இருந்தால் பிழைத்திருப்பாள் என்று. அவர் என்னிடம் அது என்ன என்று கேட்டார். பூ கேட்டதைச் சொன்னேன். சிவப்புப் பூ வந்ததையும் சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமியே குடுக்கலன்னா நீங்க என்னய்யா செய்வீக. மனசப் போட்டு அலட்டிக்காதீக" என்றார்.

மகளை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் நின்று பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கை பிடித்தது போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

கட்டுரை வெளிவந்தது. நல்ல பத்திரிகையில் வந்தது. நர்ஸ் போன விடுதிகளில் யாரும் சாகவில்லை, போகாத விடுதியில் ஒரு மரணம் என்ற வரி அதில் இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் முதலாளிகள் சங்கம் எல்லா விடுதிகளுக்கும் நர்ஸ் வைக்க ஒப்புக்கொண்டது. அதைப் படித்துவிட்டுத்தான் ஜனனியும் உங்களிடம் வந்தாள். அவள் அழுதாள் என்று சொன்னீர்கள். புகாரின் கடைசியில் என்னைக் குற்றம் சொன்னதைவிடத் தன்னைத்தான் அதிகம் குற்றம் சொல்லியிருக்கிறாள். என் பேச்சைத் தட்டி, ஒரு சாயங்காலம் ஆட்டோவோடு விடுதிக்குப் போய் வினிதாவைக் கூப்பிட்டாளாம். வினிதா சிரித்துக்கொண்டே, வேண்டாம் அக்கா, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளாம். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லையாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், விட்டுவிட்டேனே என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாள்.

எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஜனனி அந்தப் பாரத்தைச் சுமக்கக்கூடாது.

நான் பெருமாநல்லூர் போன அன்று வார்டன் டீ கொண்டுவர வெளியே போனார். என் பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. "விரலை நீட்டு கண்ணு" என்றேன். நீட்டினாள். ஊசி பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மீட்டரில் எண் வரவில்லை. சர்க்கரை அளவுக்கு மீறிப் போனால் அது எண்ணைக் காட்டாது, ஹை என்று இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் காட்டும். என் அம்மாவுக்குக்கூட அப்படி வந்ததில்லை.

"என்ன சார் காட்டுது?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அவளை அனுப்பியிருந்தால் இன்சுலின் போட்டுத் தேற்றியிருப்பார்கள். நர்ஸ் வந்த விடுதிப் பெண்ணைப் போலவே அவளும் ஆகியிருப்பாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆகியிருக்கும். இரும்பு மாத்திரைக்கு ஆனதுபோல. கடைசிப் பரிசோதனைக்கு அதிக நாள் இல்லை, அதுவரை தாங்கிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்குது. வெயிலுக்குத் தாகம் எடுக்கும்" என்றேன்.

"அப்ப ஆசுபத்திரிக்குப் போவ வேண்டாமா சார்?"

"யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம். நான் பாத்துட்டேன்ல. இதை யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதே."

அவள் முகம் தெளிந்தது. "எங்கம்மை பயந்து கெடக்கு சார். நல்லாருக்கேன்னு மட்டும் போன்ல சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டு, காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நம்பிக்கையோடுதான் ஜனனியின் ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இவ்வளவுதான் மேடம். இதை ஜனனிக்கும், முடிந்தால் சுடலைக்கும் சொல்லிவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையில் ஒன்றை மட்டும் சரியாக எழுதினால் போதும். வெள்ளைப் பூ வராத அந்த விடுதியில், ஆய்வின் ஒழுங்கை மீறி, நான் யாருக்கும் எந்த உதவியும் செய்யவில்லை.