கீழ் வரிசைப் பெயர்கள்

— கத்தியை எங்க வெச்சீங்கப்பா?

— எந்தக் கத்திம்மா?

— ஸ்டென்சில் வெட்டுற கத்தி. பேனா மாதிரி இருக்குமே. நேத்து சாயங்காலம் இந்த மேஜை மேல தான் இருந்தது. இந்த ரூம்ல நீங்களும் நானும் தான் இருந்தோம். நான் எடுக்கல.

— ஏன் முகம் இப்படி வெளுக்குது? டாக்டரே இன்னும் கொஞ்ச நாள்னு சொல்லிட்டார். தானா வர்ற பஸ்ஸுக்கு எதுக்க எவனாவது ஓடுவானா?

— சிரிப்பு வரலப்பா.

— உனக்கு ஒரு மாசமாவே எதுக்கும் வரல. கத்தி பத்திரமா இருக்கு, அப்புறம் தரேன். முதல்ல கார்டைக் காட்டு.

— இன்னும் காயல. தொட்டுடாதீங்க.

— தொடல, தொடல. கண்ணாடியைக் குடு. ம்ம். என்ன பெரிய கார்டு! இந்தப் பக்கம் பார்டர் மங்கலா இருக்கு பாரு.

— மங்கல் இல்ல. கறுப்பை ஒரேயடியா அப்பினா அடுப்புக்கரி பூசின மாதிரி ஆயிடும். ஸ்பாஞ்சுல தொட்டுத் தொட்டு, ஓரத்துல அழுத்தமா, உள்ள வர வர லேசா விடணும். அப்பத் தான் இலைக்கொடி தெரியும்.

— சாவு கார்டுல கொடி என்ன, இலை என்ன?

— அப்ப ப்ரஸ்ல குடுத்துடலாம். நாளைக்கே அடிச்சுக் குடுத்துடுவான்.

— ப்ரஸ்காரனா? அவன்கிட்ட ரெடியா ஒரே ஒரு வரி தான் இருக்கு. 'ஈடு செய்ய இயலாத இழப்பு'. நான் ரிடையர் ஆன மறுநாளே என் சீட்டுல ஒரு சின்னப் பையன் வந்து உக்காந்துட்டான். அந்த வரியைப் படிச்சா போஸ்டாபீஸே சிரிக்கும். அதோட, ஊரு பூரா உன்கிட்ட கார்டு செய்யச் சொல்லி வருது. உன் அப்பனுக்கு மட்டும் ப்ரஸ் கார்டுன்னா யாருக்கு அவமானம்?

— ஊரு வர்றது கல்யாணத்துக்கும் பொறந்த நாளுக்கும். இந்த மாதிரி கார்டுக்கு ஆர்டர் குடுத்த முதல் ஆள் நீங்க தான். அதுவும் சொந்த உபயோகத்துக்கு.

— எல்லாத்தையும் முன்னாடியே தயார் பண்ணி வெக்கறது நல்ல பழக்கம், கேட்டுக்கோ. உள்ள என்ன போட்டிருக்க, படி.

— 'எங்கள் அன்புத் தந்தை...'

— அன்பை எடுத்துடு.

— ஏம்பா?

— உங்கம்மா படிச்சா இருமல் வந்துடும். 'எங்கள் தந்தை' போதும். அதுல யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

— சரி. 'எங்கள் தந்தை'. அதுக்கப்புறம் நடுவுல உங்க பேரு. பெரிய எழுத்து அச்சுல, தனியா. அதைச் சுத்தி எதுவும் வராது. பேருக்குக் கீழ தேதி, அதைக் காலியா விட்டிருக்கேன்.

— நாப்பது வருஷம் ஊரான் தபாலுக்கெல்லாம் தேதி குத்தினேன். என் தேதியை மட்டும் முன்கூட்டி உருட்டி வெக்க முடியல பாரு.

— உங்க குத்தைப் பத்தி நீங்களே பேசாதீங்க. உங்க முத்திரை விழுந்த எந்தத் தபால்லயும் தேதி தெரிஞ்சதா சரித்திரமே கிடையாது.

— ஒரு குத்து குத்தினா மேஜை ஆடணும், கேட்டுக்கோ. நீ என்னடான்னா தூங்குற குழந்தையைத் தட்டற மாதிரி தட்டற.

— ரப்பர் அச்சை அப்படித் தான் தட்டணும். அழுத்தினா எழுத்து வழிஞ்சுடும். இது தபால் பை இல்ல, காகிதம்.

— சரி, சரி. யார் யாருக்கு அனுப்பற?

— நீங்க சொல்ற ஆளுங்களுக்குத் தான்.

— பழைய போஸ்ட்மாஸ்டருக்கு ஒண்ணு அனுப்பு. எனக்கு முன்னாடி அவன் போவான்னு நினைச்சேன். என்னைப் படுத்தின பாட்டுக்கு நியாயமா அவன் தான் போயிருக்கணும்.

— அவர் போன வருஷமே போயிட்டார்ப்பா. நீங்க தான் போய்ப் பாத்துட்டு வந்தீங்க. வந்து மூணு நாள் நல்ல மூடுல இருந்தீங்க.

— அட, ஆமா. மறந்தே போச்சு. செத்தவங்களை ஞாபகம் வெச்சுக்கறது தான் கஷ்டமா இருக்கு. சரி, ஒரு கார்டு மிச்சம். மேல சொல்லு.

— கடைசியா கீழ் வரிசை. 'துயருடன்'னு போட்டு, இருக்கிறவங்க பேரு. சின்ன எழுத்துல. அம்மா பேரு, என் பேரு.

— அப்புறம்?

— அவ்வளவு தான்.

— வரிசைங்கற. ரெண்டு பேரு நின்னா அது வரிசையா?

— நீங்க தானப்பா சொன்னீங்க, அண்ணன் பேரு உங்க கார்டுல ஏறக் கூடாதுன்னு.

— எப்ப சொன்னேன்?

— ஆறு வருஷமா சொல்றீங்க. திங்கக்கிழமை கூட சொன்னீங்க.

— ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஏறக் கூடாது.

— சரி.

— என்ன சரி?

— சரின்னா சரி. போடல.

— முன்ன எல்லாம் இப்படி ஒத்த வார்த்தையில விட மாட்டியே. 'அண்ணன் பாவம்ப்பா, அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கப்பா'ன்னு தினம் வந்து காதுல ரீங்காரம் போடுவ. ஒரு மாசமா அவன் பேச்சே எடுக்கல. ரெண்டு பேருக்கும் சண்டையா?

— சண்டை எல்லாம் இல்ல.

— பின்ன?

— கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுப்பா.

— இப்ப ஒரு தடவை கேளேன்.

— எதுக்கு?

— சும்மா கேளு. நான் முடியாதுன்னு சொல்றேன்.

— முடியாதுன்னு சொல்றதுக்கு நான் ஏன் கேக்கணும்?

— ரெண்டாவது தடவை கேட்டா யோசிப்பேன்ல. எடுத்த எடுப்புல நானே எப்படி இறங்கி வர்றது? எனக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?

— மாத்திரை போட்டீங்களா?

— பேச்சை மாத்தாத. போட்டாச்சு. உங்கம்மா எங்க?

— குளிக்கறாங்க.

— காலையில தானே குளிச்சா? ஒரு மாசமா இதே கூத்தா இருக்கு. குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள போறா, தண்ணி தீந்தாத் தான் வெளியில வர்றா. கண்ணெல்லாம் செவந்து போயிருக்கு. கேட்டா சோப்புங்கறா. நான் போறதுக்கு முன்னாடியே ஒத்திகை பாக்கறாளா?

— புழுக்கமா இருக்குல்ல. அதான்.

— போன மாசம் ஆஸ்பத்திரியில நான் கெடந்தப்பவும் இப்படித் தான். ரெண்டு நாள் உங்கள்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. மாடி வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வந்தார். கேட்டா, சித்திக்கு உடம்பு முடியலன்னு எல்லாரும் போயிருக்காங்கன்னார். என் முகத்தைப் பாக்காம சுவத்துல தொங்குற காலண்டரைப் பாத்துச் சொல்றார். சித்தி இப்ப எப்படி இருக்கா?

— நல்லா இருக்காங்க.

— அவ எப்பவும் நல்லாத் தான் இருப்பா. அடுத்தவன் ஆஸ்பத்திரியில படுத்தாத் தான் அவளுக்கு உடம்புக்கு வரும். இந்தா, அந்த பிளாஸ்டிக் தகட்டை இப்படிக் குடு.

— ஸ்டென்சிலா? கையெல்லாம் ஆகும்ப்பா.

— ஆகட்டும், குடு. இதைப் புதுசுன்னு தானே சொன்ன?

— ஆமா.

— இலை ஓரம் பூரா கறுப்பு காஞ்சு ஒட்டியிருக்கு. ஒரே ஒரு கார்டு போட்டா இவ்வளவு ஒட்டாது. தினம் சாயங்காலம் முத்திரைக் கட்டையைத் தேய்ச்சுக் கழுவினவன்கிட்ட கதை விடாத.

— வேஸ்ட் பேப்பர்ல போட்டுப் பழகினேன். நிறையப் போட்டேன்.

— இங்க் பேடும் பாதி காஞ்சு கெடக்கு. நீ கறுப்பே வாங்க மாட்டியே. பொறந்த நாள் கார்டுல கறுப்பு தெறிச்சா வியாபாரம் படுத்துடும்னு சொல்லுவ.

— அது போதும்ப்பா. உங்களுக்கு ஆகிற அளவுக்கு மிச்சம் இருக்கு.

— என்னவோ. உன் தொழில், உன் இங்க். அவன் அன்னிக்கு என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா?

— யாரு?

— பேரு சொல்ல மாட்டேன். யாருன்னு உனக்குத் தெரியும். யார் யார் காலையோ பிடிச்சு போஸ்டாபீஸ்ல வாங்கிக் குடுத்த வேலை. மூணே வாரம். முத்திரை குத்தறது மனுஷன் வேலை இல்லன்னுட்டு லாரி ஓட்டப் போறேன்னான். நாப்பது வருஷம் அதைச் செஞ்சவன் எதுக்க நின்னுக்கிட்டு! எனக்கு வந்த கோவத்துல, என் சாவுக்குக் கூட வராதேன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான்? நீ சொல்லு.

— வேணாம்ப்பா.

— சொல்லுன்னா.

— 'கார்டு அனுப்புங்க. வரலாமா வேணாமான்னு அப்ப பாக்கறேன்.'

— செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னான். திரும்பிக் கூடப் பாக்கல. என்ன திமிரு! அப்படியே என் திமிரு.

— விடுங்கப்பா. படுங்க கொஞ்ச நேரம்.

— படுத்துக்கிட்டுத் தானே இருக்கேன். இதுக்கு மேல எங்க படுக்கறது? கத்தி கேட்டியே. தலையணைக்கு அடியில கை விடு. பாத்து, முனை இந்தப் பக்கம் இருக்கு.

— கூட என்னமோ இருக்கே. ரப்பரா?

— அன்னிக்குக் குறுக்கெழுத்து போடணும், ரப்பர் குடுன்னு கேட்டேனே. நான் எப்பவாவது பென்சில்ல போட்டுப் பாத்திருக்கியா? நீயும் வாயைத் தொறக்காம எடுத்துக் குடுத்த. முன்னல்லாம் நீ இவ்வளவு ஏமாளி இல்ல.

— விரல்ல பிளாஸ்திரி. ஊசி போட்ட இடம்னு சொன்னீங்க.

— கட்டை விரல்ல எந்த நர்ஸ் ஊசி போடுவா? நீ ரப்பர்ல பூ செதுக்கறதை எத்தனை நாள் இந்தக் கட்டில்ல கெடந்தே பாத்திருக்கேன். என்ன பெரிய வித்தைன்னு ஆரம்பிச்சேன். முதல் ரப்பர் வீணாப் போச்சு. எழுத்தை நேரா செதுக்கிட்டேன். குத்திப் பாத்தா கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி வருது. காலம் பூரா தலைகீழ் எழுத்தைக் கையில பிடிச்சவன். என் புள்ள பேருன்னதும் மடையன் மாதிரி நேரா செதுக்கியிருக்கேன்.

— அப்பா, இது...

— இது ரெண்டாவது. ஒழுங்காத் திருப்பிப் போட்டிருக்கேன். எழுத்து சின்னது தான், கீழ் வரிசைக்குச் சரியா இருக்கும். உன்னை ரெண்டு தடவை கேக்க வெச்சு, அப்புறம் போனாப் போகுதுன்னு எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கவே மாட்டேங்கற. எவ்வளவு நேரம் தான் தலைக்கு அடியில வெச்சுக்கிட்டுப் படுக்கறது? குத்துது.

— இதெல்லாம் இப்ப எதுக்குப்பா?

— எதுக்கா? நான் உயிரோட இருக்கும்போதே சாவு கார்டுக்கு ஏன் அலையறேன்னு நீ ஒரு தடவையாவது யோசிச்சியா? மத்த கார்டெல்லாம் சாக்கு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கார்டு. அதுல தேதி வேண்டாம், யாரு பாக்கப் போறா? அவன் பேரு கீழ் வரிசையில இருக்கணும். உறையில போட்டு நாளைக்கே அவன் விலாசத்துக்கு அனுப்பு. கார்டு அனுப்புன்னு தானே சொன்னான். அனுப்பிட்டா வந்து தானே ஆகணும்?

— அப்பா.

— கேளு. லாரியை எங்கயாவது நிறுத்திட்டு விழுந்தடிச்சு வருவான். வாசல்ல அழுகைச் சத்தமே இருக்காது. என்னடான்னு உள்ள வந்து பாத்தா, நான் இந்தத் தலையணையில சாஞ்சுக்கிட்டு டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன். 'ஏண்டா, செத்தாத் தான் வருவியா, இருக்கறப்ப வர மாட்டியா?'ன்னு கேப்பேன். அவன் முகம் போற போக்கைப் பாக்கணும். அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னு தான் இன்னும் தோணல. வந்தா தோணும்.

— அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க.

— முதல்ல அழறதை நிறுத்து. கார்டு மேல விழப் போகுது. காயாத கறுப்புல தண்ணி பட்டா ஓடிடும்னு நீ தானே சொன்ன? தள்ளி வை. வேஸ்ட் பேப்பர்ல ஒரு தடவை குத்திப் பாரு. நீ தட்டற மாதிரியே தட்டு, நான் ஒண்ணும் சொல்லல. என்ன, வந்திருக்கா?

— வந்திருக்கு.

— திரும்பி வந்திருக்கா, நேரா வந்திருக்கா?

— நேரா வந்திருக்கு. அண்ணன் பேரு அப்படியே வந்திருக்குப்பா. அழகா இருக்கு.

— இருக்கும்ல. அப்ப கார்டுல குத்து. கீழ் வரிசையில, உங்கம்மா பேருக்கும் முன்னாடி. மூத்தவன் இல்லையா. ஏன் ரப்பரைக் கீழ வெக்கற? குத்தும்மா.

— அந்த வரிசையில அண்ணன் பேரு வராதுப்பா. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே, இதே மாதிரி கார்டுல, நடுவுல குத்திட்டேன்.