மாடியில் ஒரு காது

மணலில் வண்டியை இறக்குவதற்கு முன் டயரில் இருக்கும் காற்றில் பாதியை வெளியே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனிதர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது, சார். நிரப்பிய காற்றை எந்தப் பைத்தியக்காரனாவது திறந்துவிடுவானா என்று சண்டைக்கு வருவார்கள். அப்புறம் அச்சுவரை புதைந்துகொண்டு, "டாக்டர், நீங்க சொன்னது சரிதான்" என்று அங்கிருந்து கூப்பிடுவார்கள். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகும், மணலில் மிதக்கும். அவ்வளவுதான் சங்கதி.

டாக்டர் என்பது நான்தான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஓய்வு பெறும்வரை உதிரிபாகக் கடை கவுன்டரில் நின்றவன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்பதால் பிக்கப் வண்டிக்காரர்கள் வைத்த பெயர்.

சம்பந்தியின் வண்டி ஏன் நின்றது என்று கேட்கத்தானே வந்தீர்கள்? வண்டி விஷயம் என்றால் டாக்டரைக் கேளுங்கள் என்று எங்கள் கூட்டத்து ஆட்கள்தான் அனுப்பியிருப்பார்கள். சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார்கள். உட்காருங்கள். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து நாளாயிற்று. கொஞ்சம் தூசி இருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் பின்பக்கத்துக் காலி இடத்தில்தான் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். எல்லோருக்கும் ஒரே பைத்தியம். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை இறக்கி, ஆள் அரவமில்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் போட வேண்டும். ஸ்பிரிங் பட்டை உடைந்தால் மரக்கட்டையை வைத்துக் கட்டி எப்படி ஊர் வந்து சேர்வது, எந்தச் சரிவில் தலை வைத்தால் தூக்கம் வரும், இப்படியே பேச்சு போகும். பேக்கரிக்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல கனமான உடம்பு. "மேடு ஏறும்போது என் வண்டி முனகுது டாக்டர்" என்பார். "உங்களைத் தூக்கிக்கிட்டு ஏறச் சொன்னா நானும்தான் முனகுவேன்" என்பேன். அத்தனை பேரும் சிரிப்பார்கள். வாரத்தில் அந்த ஒரு சிரிப்புதான் எனக்கு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துணையில்லாமல் தனியாகப் போகிறவருக்கு ஊரில் ஒரு 'காது' இருக்க வேண்டும். தன் வண்டியின் குறை தன் கண்ணுக்குப் படாது என்பதால், புறப்படும் முன் வண்டியைக் கடைசியாகப் பார்ப்பது காதாக இருப்பவரின் பொறுப்பு. அவர் பார்த்து பானட்டில் தட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புவார்கள். போனவர் திரும்பும்வரை அவர் வயர்லெஸ் செட்டை விட்டு நகரக்கூடாது. நாங்கள் போகிற உப்புப் பரப்புப் பக்கம் செல்போன் எடுக்காது. என் வீடு ஊரின் கடைசி வீடு, மாடி வேறு. மொட்டை மாடியில் நிற்கிற ஆன்டெனாவைக் கீழிருந்தே பார்த்திருப்பீர்கள். உப்புப் பரப்பிலிருந்து கூப்பிட்டால் ஊரிலேயே இந்த ஒரு செட்டுக்குத்தான் எட்டும். அதனால் எப்போதும் நானே காது. எல்லோரும் போவார்கள், நான் கேட்பேன்.

நான் குறை சொல்லவில்லை. மனைவி இறந்த பிறகு இந்த வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் பேச வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருப்பேன். அவர் சிலிண்டரை வைத்த வேகத்தில் இறங்கிவிடுவார். செட்டில் மட்டும்தான் ஒருத்தர் என்னை அவசரமாகத் தேடுவார்.

முதல் தடவை நடந்தது என் மறதியால்தான். பேக்கரிக்காரர் வண்டியில் பேட்டரி முனையை இறுக்காமல் விட்டுவிட்டேன். நடுவழியில் வண்டி செத்துவிட்டது. பதறிக்கொண்டு கூப்பிட்டார். "பயப்படாதீங்க, பானட்டைத் திறங்க, நான் சொல்ற மாதிரி செய்ங்க" என்றேன். வண்டி உறுமியதும் அவர் அழாத குறை. "நீங்க மட்டும் இல்லேன்னா நான் அம்போதான் டாக்டர்" என்றார். அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அதையே சொல்லி என் தோளில் கை போட்டார். ஒரு மனிதனின் கை எவ்வளவு கனம், எவ்வளவு சூடு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு நான் மறக்கவில்லை. நினைவாகவே செய்தேன். ஒருவருக்கு ஃபியூஸைத் தளர்த்தி வைத்தேன், ஒருவருக்கு டீசல் குழாயின் வாயை. எல்லாம் சின்னச் சின்னது. செட்டில் பேசியே சரிசெய்துவிடக்கூடியது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நான் ஒருநாளும் தொட்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

சம்பந்திக்கு வருகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மகள் வெளிநாட்டில். கடையை விற்றுவிட்டுப் பறவைகளைப் படமெடுக்க அலைந்துகொண்டிருந்தார். எங்கள் இருவர் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். என் வண்டியின் கியர்பாக்ஸ் அவர் வண்டியில் ஓடுகிறது, அவருடைய டைனமோ என் வண்டியில். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்காங்கப்பா" என்று பேக்கரிக்காரர் கிளப்பிவிட, நாங்கள் சம்பந்திகள் ஆகிவிட்டோம். அவர் வாய் நிறைய "சம்பந்தி" என்று கூப்பிடும்போது, பெற்றெடுக்காத பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்த மாதிரி இருக்கும் எனக்கு.

வண்டி வேலையில் அவர் பச்சைக் குழந்தை. ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். உப்புப் பரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, காரணமே இல்லாமல் செட்டில் கூப்பிடுவார். "சம்பந்தி, ஒரு நாரைக் கூட்டம் இறங்குது பாருங்க" என்பார். நான் மாடியில் உட்கார்ந்து, இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா ஆமா, அழகா இருக்கு" என்பேன்.

போன மாதம் கிளம்பும்போது பானட்டின்மேல் கையூன்றிக்கொண்டு சொன்னார்:

"சம்பந்தி, இதான் உங்களுக்குக் கடைசித் தொல்லை. அடுத்த மாசம் பொண்ணு வர்றா. சாட்டிலைட் போன் ஒண்ணு வாங்கிட்டு வர்றாளாம். எந்தப் பொட்டல்லயிருந்தும் யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். காது கீதுன்னு யாரும் உக்காரவே வேண்டாம்."

"நல்லதுதானே" என்றேன்.

"என்ன சம்பந்தி, மூஞ்சி சுருங்குது?"

"வெயில்."

அவர் அதை நம்பினார். கண்ணாடி விற்றவர், ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கத் தெரியாது.

வண்டிக்கடியில் படுத்தேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். நல்ல ரோட்டில் ஒன்றும் ஆகாது. குலுங்க ஆரம்பித்தால் தண்ணீர் கசியும். மறைத்திருக்கும் அடித்தகட்டைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். என் கணக்கு இதுதான், சார். வண்டி சூடாகி நிற்கும். கூப்பிடுவார். அடித்தகட்டைக் கழற்றி எந்தத் திருகை இறுக்க வேண்டும் என்று சொல்லுவேன். சாட்டிலைட் போன் யாரை வேண்டுமானாலும் கூப்பிடும், ஆனால் எடுக்கிறவருக்கு இது தெரியுமா என்று அவரே யோசிப்பார். அவ்வளவுதான் நான் நினைத்தது. தட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை, நான் எதிர்பார்த்த நேரத்துக்கே கூப்பிட்டார்.

"சம்பந்தி, வண்டி கொதிக்குது. ஓவர்."

பேச வேண்டுமென்றால் செட்டில் இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். கையை அதன்மேல் வைத்துவிட்டேன். அப்போது தோன்றியது, உடனே எடுத்தால் அருமை தெரியாது. கொஞ்சம் தேடட்டும் என்று கையை எடுத்துவிட்டேன்.

"சம்பந்தி, தூங்கிட்டீங்களா? காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா என்ன? தண்ணி எங்க ஒழுகுதுன்னே தெரியலை. இருக்கிற தண்ணிய ஊத்திப் பாக்கறேன். ஓவர்."

குடிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற அது கீழே போய்க்கொண்டிருந்திருக்கும். அத்தோடு ஓட்டியும் பார்த்தார். ஒரு சத்தம் கேட்டது, அதோடு இன்ஜின் போய்விட்டது. இப்போது திருகை இறுக்கிப் பயனில்லை. நான்தான் போய் அழைத்துவர வேண்டும். போனால், இவ்வளவு நேரம் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பார். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ஏதாவது காரணம் தோன்றும் என்று இருந்தேன்.

வண்டியை விட்டு நகராதீர்கள், தேடி வருகிறவர்களுக்கு மனிதன் தெரிய மாட்டான், வண்டிதான் தெரியும் என்று எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் நகரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தார். "அண்ணா, அவர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினார்மா. காலையிலேருந்து பேசிக்கிட்டுதான் இருக்கார்."

இதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் அவர் திரும்ப வேண்டிய நேரம் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டார். "இன்னொரு நாள் இருந்துட்டு வர்றாராம், ஏதோ அபூர்வமான பறவையாம்" என்றேன். அது பொய்தான். "இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியை விடக் கொக்குதான் பெருசு" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். வண்டிச் சாவி இந்த ஆணியில்தான் தொங்கியது. இரண்டு தடவை கையில் எடுத்தேன். படி இறங்கினால் செட் காதுக்குக் கேட்காது. அவர் பேசிக்கொண்டிருந்தாரே, சார்.

முதலில் திட்டினார். நான் இத்தனை வருஷத்தில் கேட்காத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. பிறகு கோபம் அடங்கி, வேறொரு கவலை வந்துவிட்டது அவருக்கு.

"சம்பந்தி, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா? மாடியில எங்கயாவது விழுந்து கெடக்கீங்களா? கேட்டா மேசையையாவது தட்டுங்க. பக்கத்துல ஆளுகூட இல்லியே உங்களுக்கு. நான் வந்ததும் மொத வேலையா உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்."

தொண்டை வறண்டு, பேச்சு கரகரத்துவிட்டது. ஆனாலும் பேசினார். கடையில் முதல் கண்ணாடி விற்ற கதையைச் சொன்னார். மகள் பிறந்த அன்று மழையில் வண்டி தள்ளிய கதையைச் சொன்னார். இரண்டாம் நாள் மத்தியானம்தான் இதைச் சொன்னார், வார்த்தை வார்த்தையாக:

"போன் எதுக்கு வாங்கச் சொன்னேன் தெரியுமா? நீங்க எத்தனை வருஷமா அந்த மாடியிலயே குந்திக்கிட்டு இருக்கீங்க. காதுக்கு ஆளு வேண்டாம்னா நீங்களும் என்கூட வரலாமில்ல. ரெண்டு பேருமா நாரை பாக்கலாம்னு... உங்களுக்கு ஒரு படுக்கைகூட வாங்கி வெச்சுட்டேன் சம்பந்தி. பின்னாடிதான் கெடக்கு, பிரிக்காம."

வண்டியின் பின்பக்கம் அது இருந்ததாகத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். கவர் பிரிக்காமல் இருந்ததா? சரி.

அதற்கப்புறம் அவர் பேச்சில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஓவர் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா மூச்சு விடுவார், அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அதுவும் நின்றது. பேட்டரி தீர்ந்ததா, அவர் தீர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. உப்பு லாரிக்காரர்கள் கண்ணில் அவர் படுகிறவரை, செட்டை அணைக்காமல் இங்கேயேதான் இருந்தேன். காது தன் இடத்தை விட்டு நகரவில்லை.

ஆமாம், சார். கிளிப்பைத் தளர்த்தியது நான். அவர் கூப்பிட்டது அத்தனையும் கேட்டது எனக்கு. ஒரு தடவை பொத்தானை அழுத்தி, "வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். இதில் நான் எதையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். கொன்றேன் என்று எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பதில் சொல்லியிருந்தால், நிறுத்தியிருப்பார்.