இரட்டை வால் பூச்சி: பூஜ்யம்

வெள்ளைத் தட்டில் பூச்சி எண்ணும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. கலங்கிய தண்ணீர் தெளியும்வரை சும்மா காத்திருந்தால் போதும், ஒவ்வொன்றும் தானாக நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். எனக்குப் பொறுமை அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் நீர் ஆய்வு அலுவலகத்தில் ஓடையைப் பார்க்க இரண்டு பேர். பூச்சி பிடிக்கும் வலை என்னுடையது, தண்ணீரைச் சோதிக்கும் மீட்டர் என் கொழுந்தனுடையது. கணவரின் தம்பி. அந்த வேலைக்கு அவனை மனுப் போடச் சொன்னதே நான்தான்.

மீட்டரை நனைத்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர் தெரியும். பூச்சிகள் பல மாதத்துத் தண்ணீரைச் சொல்லும். கல்லுக்கு அடியில் ஒட்டி வாழும் இரட்டை வால் பூச்சி, ஒரு மணி நேரம் நஞ்சு ஓடினாலே செத்துவிடும். பிறகு போய் மீட்டரை நனைத்தால் எல்லாம் சுத்தம். ஓடையின் மேல்பக்கம் இருந்த சாயப் பட்டறை விடியற்காலையில்தான் கழிவுக் குழாயைத் திறந்துவிடும். கொழுந்தன் பதினொரு மணிக்குப் போவான்.

வருடத்துக்கு இரண்டு முறை வலை போடுவேன். எட்டு வருடமும் என் தாளில் இரட்டை வால் பூச்சி பூஜ்யம், சாக்கடையிலும் பிழைக்கும் சிவப்புப் புழு எண்ண முடியாத அளவு. எட்டு வருடமும் அவன் தாளில் எல்லாம் சரி. மேலதிகாரி அவன் தாளில் கையெழுத்துப் போடுவார். என் தாளை ஒருமுறை அவருடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் பார்த்தேன். வட்டமாகக் கறை படிந்திருந்தது.

கொழுந்தனுக்கு ஒரு பழக்கம். மீட்டர் சரி என்று காட்டியதும் ஓடையிலிருந்து இரண்டு கை அள்ளிக் குடிப்பான். என்னைச் சீண்டத்தான்.

"பூச்சியம்மா, உங்க ஆளுங்க செத்தா என்ன, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல."

"குடிக்காதடா, உடம்புக்கு ஆகாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். வீட்டில் சாப்பிடும்போதும் இதே கதைதான் ஓடும். என் கணவரும் அவனோடு சேர்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவன் கெட்டவன் இல்லை, ஐயா. எனக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் மாத்திரையோடு வந்து நிற்பவன் அவன்தான்.

கடைசியில், நான் மேலிடத்துக்கு எழுதிய புகார்களுக்குப் பதிலாக, ஆறு மாதம் கழித்து ஆய்வுக் குழு ஒன்று நேரில் வரும் என்று கடிதம் வந்தது. அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு ஒத்திகையாக வலை போட்டேன். தட்டு தெளிந்தது. பதினேழு இரட்டை வால் பூச்சிகள். கடித விஷயம் பட்டறைக்கும் எட்டியிருக்கிறது. ஆறு மாதமாக அவர்கள் குழாயைத் திறக்கவே இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். எட்டு வருடம் எதைக் காட்டக் கெஞ்சினேனோ, அதைப் பார்க்க ஆள் வரும்போது அது இல்லை. இந்தப் பெண் எட்டு வருடமாகச் சும்மா புலம்பியிருக்கிறாள் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

கணவரின் செடிப் பண்ணையிலிருந்து பூச்சி மருந்து இரண்டு புட்டி எடுத்தேன். வாசனை இல்லாத வகை. குழு வரும் அன்று, பட்டறை திறந்துவிடும் அதே விடியற்காலை நேரத்தில் ஓடைக்குப் போனேன். அவர்கள் எட்டு வருடம் செய்ததை நான் ஒரே ஒரு நாள் செய்தேன். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓடிப்போய்விடும். அன்று பழுது பார்ப்பதற்காகக் கீழ் மதகை மூடியிருந்தார்கள். ஒரு இலையைப் போட்டுப் பார்த்தேன், நகரவில்லை. பார்த்த பிறகுதான் இரண்டாவது புட்டியைத் திறந்தேன்.

குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். கொழுந்தன் மீட்டரை நனைத்தான். எல்லாம் சரி. அந்த மருந்தைக் கண்டுபிடிக்கிற மீட்டர் அது இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"இன்னிக்கு ஆடியன்ஸ் ஜாஸ்தி அண்ணி. ரெண்டு கை பத்தாது."

நான்கு கை குடித்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்தது. எதுவும் நகரவில்லை. முதல் முறையாக ஐந்து பேரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலையே பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். அதுவரை மருத்துவமனை வராந்தாவில் என் கணவர் என் கையை விடவே இல்லை. அவன் வயிற்றில் இருந்தது சாயம் இல்லை, பூச்சி மருந்து என்று சோதனையில் வந்த பிறகுதான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். என் தாளையும் கொண்டுவந்திருக்கிறீர்கள். கறை இல்லாமல் இருக்கிறது. அதிலுள்ள எண்ணிக்கையில் ஒரு தப்பும் கிடையாது.

அவன் குனிந்தபோது, குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள்.

எட்டு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், ஐயா.