சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா குறித்து

என் பெயரும் வீட்டு முகவரியும் புதன்கிழமை எழுதிய முதல் தாளில் உள்ளபடி சரி. எனக்கு வயது நாற்பத்தேழு. மருந்து டப்பாக்கள் அடைக்கும் தொழிற்கூடத்தில் லேபிள் சரிபார்க்கும் பிரிவில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். கணவரைப் பிரிந்து வாழ்கிறேன். பிள்ளைகள் இல்லை. லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, வயது எழுபத்தெட்டு, என்னோடு இருந்து வந்தார். அவர் இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாலை மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் இறப்பு சம்பந்தமாக என் தம்பி கொடுத்த புகாரில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் புகாரிலும் என் முதல் வாக்குமூலத்திலும் சொல்லாமல் விட்டதை இன்று வெள்ளிக்கிழமை என் சொந்த விருப்பத்தில் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் மிரட்டி வரவில்லை. போகாதே என்றுதான் வீட்டில் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது கை, வலது கால் பலவீனமாகிவிட்டன. யாராவது பிடித்துக்கொண்டால் நடப்பார். பிடிக்காவிட்டாலும் நடந்து பார்ப்பார், அதுதான் பிரச்சினை. நான் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவேன். ஆகவே அவரைப் பார்த்துக்கொள்ள இருபத்தொன்பது வயதுள்ள ஒரு பெண்ணை ஒன்றரை வருடமாக வைத்திருந்தேன். புகாரில் எதிரியாகக் காட்டப்பட்டிருப்பவள் அவள்தான். அவள் வேலையில் இதுவரை நான் ஒரு குறையும் கண்டதில்லை. குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் அப்பா ஒருமுறை குளியலறையில் தடுக்கி விழுந்தார். அதன் பிறகு, வேலை இடத்திலிருந்தே அவரைப் பார்க்க ஒரு கேமரா வாங்குவது என்று முடிவு செய்து, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் என் தம்பியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று கேமராக்களை மேசைமேல் வைத்தார். மூன்றும் கழுத்தைத் திருப்பும், தலையைத் தூக்கும், தாழ்த்தும், தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் வகை. கைப்பேசியில் விரலால் தள்ளினால் திரும்பும். நான் என் கைப்பையில் இருந்த மாத்திரைக் குப்பியை எடுத்து, கடையின் கடைசி அலமாரியில் வைத்து, ஒவ்வொரு கேமராவாலும் அதன் லேபிளைப் படித்துப் பார்த்தேன். முதலாவது படத்தைப் பெரிதாக்கியதே தவிர எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி கலைந்துபோனது. இரண்டாவதில் காலாவதித் தேதி வரைக்கும் படிக்க முடிந்தது. மூன்றாவதில் அவ்வளவு தெளிவு இல்லை. ஆனால் அதைத் திருப்பி விட்டால் ஐந்து நிமிடத்தில் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும் என்றும், யார் எப்போது திருப்பினார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும் என்றும் கடைக்காரர் சொன்னார். விலை இரண்டாவதைப்போல் இரு மடங்கு.

தம்பி மூன்றாவதை வாங்கச் சொன்னான். “அக்கா, யாரு எப்ப திருப்பினாங்கன்னு எல்லாம் இதுல தெரியுமாம்.”

“வீட்ல இருக்கறதே மூணு பேரு. அதுக்கு ஒரு கணக்கப்பிள்ளையா?” என்றேன்.

கடைக்காரர், “மேடம், ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டாவது நீங்க திருப்பின எடத்துலயே நிக்கும். நீங்கதான் பழையபடி கொண்டு வரணும். மறந்துட்டா அது பாட்டுக்குச் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கும்” என்றார். மறக்கிற ஆள் நான் இல்லை என்று சொன்னேன். தம்பி சிரித்துக்கொண்டு, “அண்ணே, எங்க அக்கா எதையும் மறக்க மாட்டாங்க. அஞ்சாம் வகுப்புல நான் திருடித் தின்ன மிட்டாய இன்னிக்கும் எண்ணிச் சொல்லுவாங்க” என்றான். அதன் பிறகு இரண்டாவதையே வாங்கினேன். லேபிளைப் படிக்க முடிகிறதா என்பதை வைத்து அப்பாவைப் பார்க்கும் கேமராவைத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்தக் குற்றத்தில் தம்பிக்கோ கடைக்காரருக்கோ பங்கு இல்லை.

கேமராவை அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், துணி அலமாரிக்கு நேர் மேலே மாட்டினோம். அப்பாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. கழுத்தை நீட்டித் திரும்புவதால் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தார். “முப்பத்தாறு வருஷம் தனியா வண்டி ஓட்டினவன நீ கொக்கு வெச்சு மேய்க்கறியா?” என்று கேட்டுவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. முக்கியமாக, உடை மாற்றும்போது மகள் பார்க்கும்படி ஆகிவிடுமே என்பதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. நியாயமான கூச்சம்தான். அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு எனக்குப் பத்து நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் கைப்பேசியில் அவரைப் பார்ப்பேன். அவர் லாரிக்காரர்கள் காட்டுவதுபோல் இடது கையை நீட்டிச் சுழற்றுவார். நான் கேமராவைச் சன்னல் பக்கச் சுவருக்குத் திருப்பிவிடுவேன். அந்தப் பெண் உதவி செய்து உடை மாற்றி முடித்ததும் அவர் உரக்க, “ரைட்” என்பார். நான் மறுபடி கட்டிலுக்குத் திருப்புவேன். அதன் பிறகு அவர் கொக்குடன் பேசுவார், அதாவது அதன் வழியாக என்னுடன்; நான் கைப்பேசியில் பேசுவதும் அதிலிருந்து அவருக்குக் கேட்கும். பேச்செல்லாம் பிடித்து வைக்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், படம் மட்டும் பதிவாகும்படியும் குரல் பதிவாகாதபடியும் நானே அமைத்து வைத்தேன். அசைவு இருந்தால் மட்டுமே அந்தக் கேமரா பதிவு செய்யும். சுவரில் அசைவு எதுவும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இடைவேளை விட்டதும், ஓய்வறையில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மாற்றுத் துணி எடுக்க அலமாரிக்கு, அதாவது கேமராவுக்குக் கீழே வந்தாள். அப்போது அப்பா கையைச் சுழற்றினார். மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு நான் கேமராவைச் சுவருக்குத் திருப்பினேன். பதிவில் தாங்கள் கடைசியாகப் பார்த்த காட்சி இதுதான். அவள் கேமராவை நோக்கிக் கையைத் தூக்குவதுபோல் அதில் தெரிகிறது. அவள் அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டினாள், அவ்வளவே.

அதன் பிறகு குரல்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டைக் கையை நுழைக்கும்போது அப்பா அவளிடம், “மெதுவா, மெதுவா, இது புது வண்டி இல்ல” என்றார். அவள் சிரித்தாள். அதன் பிறகு அப்பா, “ரைட்” என்றார். அது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கு அடுத்து அவள் கேமரா அருகில் வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “அக்கா, அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீந்துடுச்சு. நான் போய் வாங்கிட்டு ஓடியாந்துடறேன். கொஞ்சம் பாத்துக்குங்க.” அதற்கு நான், “சரி, போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்” என்று சொன்னேன். அவளைப் போகச் சொன்னது நான். பொறுப்பை வாங்கிக்கொண்டதும் நான்.

கேமராவைத் திருப்ப விரலை வைத்த நேரத்தில் மேற்பார்வையாளர் ஓய்வறைக் கதவைத் திறந்து, ஒரு தொகுதி மருந்து டப்பாக்கள் அவசரமாகப் போக வேண்டும், இடைவேளை முடிந்தது என்று அழைத்தார். வேலைக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டு போகக்கூடாது. பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மூன்று ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு நினைவில் இல்லை. வேலை முடியும்வரை நினைவு வரவே இல்லை. அந்தத் தொகுதியில் காலாவதி வருடம் தவறாக அச்சாகியிருந்ததை நான் கண்டுபிடித்தேன். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெண் முதல் கடையில் மாத்திரை இல்லாததால் இரண்டாவது கடைக்குப் போய், மூன்றே முக்காலுக்கு வீடு திரும்பியிருக்கிறாள். அப்பா பின்கட்டுப் படிக்குக் கீழே விழுந்து கிடந்திருக்கிறார். அவர் எதற்காக அங்கே போனார் என்று தெரியாது. அவள் என் கைப்பேசிக்குப் பதினோரு முறை அழைத்திருக்கிறாள். அது பெட்டகத்தில் இருந்தது. அதன் பிறகு என் தம்பியை அழைத்து, இருவருமாக அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். அவருக்கு அப்போது நினைவு இல்லை. ஆறே காலுக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை தம்பி கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தான். அவள் கேமரா பக்கம் கை நீட்டுவதையும் உடனே கேமரா திரும்புவதையும் பார்த்துவிட்டு, “அக்கா, அவதான் திருப்பி வெச்சிட்டு ஊர் சுத்தப் போயிருக்கா. பாரு, பாரு” என்று கத்தினான். அவன் அப்பாவை இழந்தவன், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம். தம்பி முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம், என் வேலைக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக அதை என் காதாலேயே கேட்கப் பயம். அதன் பிறகு அவன் எழுதிய புகாரில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படித்தேன். தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தே போட்டேன்.

அன்று முதல் அவளைத் தினமும் காலையில் நிலையத்துக்கு வரவழைத்து, மாலை வரை உட்கார வைத்து விசாரிப்பதாகத் தெரியவந்தது. வியாழக்கிழமை பிற்பகல் இங்கிருந்து வீட்டுக்கு அழைப்பு வந்தது. தம்பி எடுத்தான். “அக்கா பேசற நெலமைல இல்ல சார். எதுன்னாலும் என்கிட்டயே கேளுங்க” என்றான். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னிடம் எதைக் கேட்க அழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்து போகவில்லை.

இன்று காலை துக்கம் விசாரிக்கச் சித்தப்பாவும் மற்ற உறவினர்களும் வந்து அப்பாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அவர்களிடம், அவள் எப்படி எட்டிக் கேமராவைக் கையால் திருப்பியிருப்பாள் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான். சித்தப்பா, “இன்னிக்கு கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்ல? அனுப்பட்டும், அப்பதான் புத்தி வரும்” என்றார். நான் அடுத்த அறையில் கைப்பேசியைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை நான் விட்ட இடத்தில் அதே சுவர் இருந்தது. விரலால் தள்ளினேன். அந்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. கேமரா திரும்பும்போது எழும் சின்ன இரைச்சல் எனக்கே கேட்டது. திரையில் கட்டில் வந்தது, சித்தப்பா வந்தார், அண்ணாந்து பார்த்தபடி தம்பி வந்தான்.

“யாரு திருப்பறது?” என்றான்.

“நான்தான்டா. அன்னிக்கும் நான்தான்” என்று கைப்பேசியிலேயே சொன்னேன். என் குரல் அங்கே கேமராவிலிருந்து வந்தது.

அதன் பிறகு அவன் என்னிடம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். “விட்டுடு அக்கா. அப்பாவும் போயாச்சு, நீயும் போய் மாட்டிக்காத. அவள ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு விட்டுடுவாங்க. அதுல யாரு திருப்பினாங்கன்னுதான் பதிவே இல்லையே, ஒருத்தருக்கும் தெரியாது” என்றான். தெரியாதுதான். அந்த வசதி வேண்டாம் என்று சொன்னவள் நான். அவனைத் திட்டவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தேன்.

நிலையத்தில் நுழைந்தபோது அந்தப் பெண் எழுத்தர் மேசைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகச் சொல்லி அனுமதி கொடுத்தது யார் என்று அவளிடம் கேட்டதற்கு, மூன்று நாளாக “அக்காவக் கேளுங்க” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை என்று எழுத்தர் என்னிடம் தெரிவித்தார். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் புகாரில் கையெழுத்துப் போட்டிருப்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“நான்தான் சொன்னேனே சார். அப்பா காரியத்துல இருப்பாங்க, முடிஞ்சதும் அக்கா வந்துடுவாங்கன்னு” என்று எழுத்தரிடம் சொன்னாள்.

நான் எழுத்தர் மேசை முன் உட்கார்ந்து இதைச் சொல்லத் தொடங்கினேன்.

மேலே எழுதியிருப்பவை எல்லாம் நான் என் வாயால் சொன்னவை. எழுத்தர் படித்துக் காட்ட, அவள் காது கேட்க, நானும் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
இறந்தவரின் மகள்