திரியின் உயரம்

மெழுகுத்திரி வாங்கும்போது பருமனானதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஐயா. ஒல்லித் திரியின் சுடர் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். திரையில் பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். சாவி அண்ணனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கோயிலைத் திறந்து மூடி, பீடத்தைத் துடைத்து, திரி ஏற்றுகிறவர் அவர்தான். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து. அதனால் அந்தப் பெயர். "கடவுளுக்குக் கண்ணு வலிக்காது தம்பி" என்பார்.

மாலை நற்கருணை ஆராதனையை இணையத்தில் நேரலையாக அனுப்புவது என் பொறுப்பு. பீடத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். கோயிலுக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திரையில் அப்படியல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்கள், இரவு வேலைக்குக் கிளம்பும் நர்சுகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். உங்கள் நேரலையால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

சாவி அண்ணன் படத்தின் ஓரத்தில் முழங்காலில் இருப்பார், இருமுவார். பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர் பங்குத்தந்தையின் காதில் ஓதிவிட்டார். திரையில் காட்டிக் காட்டியே கோயில் காலியாகிவிட்டதாம், நேரலையை நிறுத்திவிடலாமாம். மாதக் கடைசியோடு நிறுத்தலாம் என்று சாமியாரும் தலையாட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அன்று நல்ல மழை. சாமியார் நற்கருணையைப் பீடத்தில் வைத்துவிட்டுத் தம் வீட்டுக்குப் போயிருந்தார். கோயிலில் சாவி அண்ணனைத் தவிர ஒருவருமில்லை. ஆராதனை பாதியில் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிறகு கேமரா பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கு நடுவே ஒரு கதவுதான்.

நான் ஜெபிக்கிறவர்களை நினைத்தேன், ஐயா. நோயாளிகள் பார்க்கிற காட்சியா அது? நேரலையை நிறுத்தி, போன வாரம் பதிவு செய்ததை ஓடவிட்டேன். அதிலும் அண்ணன் ஓரத்தில் முழங்காலில் இருந்தார். இருமலை நான் முன்பே வெட்டியிருந்தேன்.

அவருடைய மனைவி படுத்த படுக்கை. அந்த ஓரத்தைப் பார்க்கத்தான் தினமும் நேரலைக்கு வருவார். "என்னாச்சு, நெஞ்சைப் புடிச்சாரே?" என்று எழுதியவர், உடனே அடுத்ததை எழுதினார்: "அப்பாடா, முழங்கால்லதான் இருக்காரு. வலிக்கும், உட்காரச் சொல்லு தம்பி."

"சொல்றேன் அக்கா" என்று பதில் போட்டேன்.

பதிவு ஓடும்போதாவது எழுந்து போயிருக்கலாமே என்கிறீர்கள். ஆராதனை முடியாமல் நாற்காலியை விட்டு எழுவது என் பழக்கமில்லை. சாவிக்கொத்து தரையில் உரசுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா மறுபடியும் எழுதினார்: "திரி பாதிதானே இருந்துச்சு? எப்படி முழுசாச்சு?" மற்றவர்களின் ஜெபம் கெடக்கூடாதே. அந்தச் செய்தியை அழித்து, அவர் மேற்கொண்டு எழுத முடியாதபடி செய்தேன்.

ஆராதனை முடிந்ததும் கதவைத் திறந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. அண்ணனைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். கை சில்லென்றிருந்தது. பிறகு சாமியாரைக் கூப்பிட்டு, இப்போதுதான் விழுந்தார் என்றேன்.

என்மேல் தவறே இல்லை என்று சொல்லமாட்டேன், ஐயா. பதிவைப் போடுவதற்கு முன் திரியின் உயரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.