செவ்வந்திக்குப் போடும் விளக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலைப் பனி விலகும்போது பார்க்க வேண்டும் டாக்டரம்மா, அவ்வளவு அழகு. நேரம் கிடைத்தால் எங்கள் லயத்து வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணீர் போட்டுத் தருகிறேன்.

என் மகள் சசிரேகாவுக்கு இது எதனால் வந்தது என்று கேட்டீர்கள். பரம்பரையா என்றும் கேட்டீர்கள். எங்கள் பரம்பரையில் சர்க்கரை வியாதிதான் உண்டு. மற்றதெல்லாம் என் கைவேலை.

அவள், லோரி ஓட்டும் திருச்செல்வத்தைக் கட்டிக்கொண்டு ஈப்போவில் குடியேறுவதாக இருந்தாள். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. ஆனால் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வீட்டில் நான் மட்டும் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

குடியிருப்பது தேயிலைத் தோட்டத்தில் என்றாலும், கம்போங் ராஜாவில் செவ்வந்தித் தோட்டத்தில்தான் எனக்கு வேலை. அங்கே செடிகளுக்கு ராத்திரியிலும் பல்பு எரியும். இன்னும் பகல்தான் என்று நினைத்துக்கொண்டு செடி மொட்டே விடாது. பூ வெட்டப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அதே மாதிரி ஒரு பல்பை அவள் அறையில் மாட்டினேன்.

"அம்மா, கண்ண மூட முடியலம்மா. அணைச்சிடவா?"

"கல்யாணப் பொண்ணுடி நீ. காத்து கருப்பு அண்டிரும். எரியட்டும் லா."

தூக்கம் போனதும் மறதி வந்தது. மறதிக்கு நானும் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். அவள் செருப்பை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, "நீதானடி வச்சே?" என்பேன்.

"எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா பாரும்மா" என்று அவளும் சிரிப்பாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீடு கலகலவென்று இருந்தது. பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

திருச்செல்வம் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "தம்பி, எங்கம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. கடைசில கட்டித்தான் போட்டோம்."

என் அம்மா சாகும்வரை தெளிவாக இருந்தவர். பாவம், நம்பிவிட்டான். அவன் போனதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றிலிருந்து சுவர் தன்னிடம் பேசுகிறது என்கிறாள்.

வார்டில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன். இது வியாதியே இல்லை டாக்டரம்மா, நான் செய்ததுதான். அவள் எதற்கு ஒடிவாள், எதற்கு அடங்குவாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னோடு அனுப்பிவிடுங்கள். பெற்றவள் பார்த்துக்கொள்வதுபோல் நர்ஸ் பார்த்துக்கொள்வாளா?